சேற்றில் எழுதிய வரலாறு

'யூ' என்னும் கிரேக்க முன்னொட்டு நமக்குப் புதியதன்று. 'நற்செய்தி' என்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் 'யுவாங்கெலியோன்' என்ற சொல்லின் முகப்பில் அது நிற்கிறது. நன்றிப்பலியைக் குறிக்கும் 'யூக்கரிஸ்தியா' என்ற சொல்லின் முகப்பிலும் அதுவே நிற்கிறது. 'நல்ல', 'நன்கு' என்பது அதன் பொருள். ஊட்டத்தைக் குறிக்கும் 'ட்ரோஃபே' என்ற சொல்லோடு அது சேரும்போது, 'நன்கு ஊட்டம் பெற்றது' என்று பொருள் தரும். பாலுண்டு கொழுத்த குழந்தையைப் பார்த்துத் தாய் சொல்லத்தக்க சொல் அது. இத்துணை மங்கலமான சொல்லைத்தான் இன்றைய நீரியல் அறிஞர் ஏரிகளுக்கு நேர்ந்துவிட்ட பெருங்கேட்டின் பெயராக வழங்குகின்றனர். 'யூட்ரோஃபிகேஷன்' என்று அவர்கள் கூறுவதை நாம் 'மிகையூட்டம்' எனலாம்.

தொடக்கத்தில் அச்சொல்லில் பழி ஏதும் இல்லை. 1907இல் வெபர் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார், சதுப்பு நிலங்களில் ஊட்டம் மிகுந்தவை, குறைந்தவை எனப் பிரித்துக் காட்டுவதற்கு அதனைப் பயன்படுத்தினார். 1919இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஐனார் நௌமன் அதனை ஏரிகளுக்கு உரியதாக்கினார். இருவரும் ஒரு நிலையை விவரித்தனரேயன்றிக் குற்றம் சாட்டவில்லை. நல்ல சொல் எவ்வாறு கேட்டின் பெயராயிற்று? ஊட்டம் எந்த இடத்தில் நஞ்சாகத் திரும்புகிறது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சில ஏரிகளின் வரலாற்றைப் படித்தல் நலம். அவ்வரலாறு ஏட்டில் பாதியும் சேற்றில் பாதியுமாக எழுதப்பட்டிருக்கிறது.

வெட்டிய குழிகள்

நார்ஃபோக் வட்டாரத்தின் தலைநகர் நார்விச். அந்நகருக்கும் வடகடலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் பியூர், ஆன்ட், தர்ன், யேர், வேவ்னி ஆகிய ஆறுகள் ஓசையின்றி ஊர்ந்து செல்கின்றன. அவற்றின் ஓரமாகச் சிறிதும் பெரிதுமாக நாற்பதுக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. 'பிராட்ஸ்', அதாவது அகன்ற நீர்ப்பரப்புகள், என்பது அவற்றின் பெயர். ஹிக்ளிங் என்பது அவற்றுள் பெரியது. பார்ட்டன் அதற்கு அடுத்தது. இவ்வேரிகளின் ஆழம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர்தான். நாணல் சூழ்ந்த கரைகள், பாய்மரப் படகுகள், நீர்ப்பறவைகள் என, காண்போர் உள்ளத்தைக் கவரும் இவ்வேரிகளை இயற்கையின் கொடை என்றே நெடுங்காலம் மக்கள் நம்பி வந்தனர். ஆறு அகன்றதால் அமைந்தவை, அல்லது கடல் பின்வாங்கியபோது எஞ்சியவை என்றே அறிஞர்களும் எழுதினர்.

1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியல் அறிஞர் இந்த நம்பிக்கையைத் தகர்த்தார். ஏரிகளின் ஓரத்திலும் அடியிலும் மிக நெருக்கமான இடைவெளிகளில் துளையிட்டு அவர் மண் எடுத்துப் பார்த்தார். இயற்கையில் அமைந்த ஏரியாயின் கரை சரிந்து இறங்க வேண்டும். இங்கோ கரைகள் சுவர்போல் செங்குத்தாக இறங்கின. அடித்தளம் தட்டையாக இருந்தது. இடையிடையே வெட்டாமல் விடப்பட்ட வரப்புகள் நேர்கோட்டில் நின்றன. மனிதர் வெட்டிய குழிகளுக்கன்றி இந்த அமைப்பு வேறெதற்கும் பொருந்தாது. புவியியலாரும் தொல்லியலாரும் பொறியியலாரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தனர். 1960இல் அவர்கள் வெளியிட்ட நூல், இவ்வேரிகள் யாவும் இடைக்காலத்தில் 'பீட்' வெட்டிய குழிகளே என்பதை ஐயமற நிலைநாட்டியது.

பீட் என்பது சதுப்பில் விழுந்து, முழுதும் மட்காமல், நூற்றாண்டுக் கணக்கில் படிந்துபோன தாவரங்களின் கரிய மண். கட்டிகளாக வெட்டிக் காயவைத்தால் விறகைப்போல் எரியும். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் கிழக்கு நார்ஃபோக் இங்கிலாந்திலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. காடுகளோ குறைவு. குளிரோ கடுமையானது. ஆகவே சதுப்பையே அடுப்பில் இட்டனர். நார்விச் பேராலயத்தை அடுத்திருந்த துறவற மடத்தின் கணக்கேடுகள் இன்றும் உள்ளன. அதன் சமையற்கூடத்திற்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பீட் கட்டிகள் வந்திறங்கியதை அவை காட்டுகின்றன. பியூர் ஆற்றங்கரையில் புனித ஆசீர்வாதப்பர் சபையின் மடம் ஒன்று இருந்தது. மன்னர் கனூட் அதற்கு நிலம் வழங்கியதாக வரலாறு. அம்மடமும் தன் சதுப்பு நிலங்களிலிருந்து பீட் வெட்டியது. மடங்களும் குடியானவரும் சேர்ந்து அந்தச் சில நூற்றாண்டுகளில் அகழ்ந்தெடுத்த பீட் ஏறத்தாழ இரண்டரைக் கோடி கன மீட்டர் இருக்கலாம் என்று லாம்பர்ட் குழுவினர் கணித்தனர். அத்தனையும் கையாலும் மண்வெட்டியாலும் செய்த வேலை!

அக்காலத்தில் கடல் மட்டம் நிலத்தைவிடத் தாழ்ந்திருந்தமையால் குழிகள் வறண்டிருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. 1287 டிசம்பரில் வடகடல் பொங்கி உள்ளே புகுந்தது. ஆக்ஸ்னீட் ஊர் யோவான் என்னும் துறவியின் பெயரால் வழங்கும் நாளாகமம் அந்த இரவை விவரிக்கிறது. ஹிக்ளிங் ஊரில் மட்டும் ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். அங்கிருந்த மடத்துக் கோவிலின் தலைமைப் பீடத்திற்கும் மேலே ஓர் அடிக்கு மிகுதியாக வெள்ளம் நின்றது. அதன்பின் குழிகளில் நீர் வடியவேயில்லை. 1349இல் கொள்ளைநோய் நார்விச்சைத் தாக்கி மக்களைக் கொன்று குவித்தபின், நீரை இறைத்துப் பீட் வெட்ட ஆளும் கிட்டவில்லை. ஏடுகளில் பீட் வருவாய் குறைந்து, மீன் வருவாயும் நாணல் வருவாயும் தலைகாட்டத் தொடங்கின. குழிகள் ஏரிகளாயின. வெட்டியவர் மறைந்தனர், வெட்டியதும் மறந்து போயிற்று. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த காலத்தில் ஆசீர்வாதப்பர் மடத்தின் தலைவர் நார்விச் ஆயராக்கப்பட்டார். மடம் ஆயர்பீடத்தோடு இணைக்கப்பட்டதால் சட்டப்படி அது கலைக்கப்படவேயில்லை. எனினும் சில ஆண்டுகளில் துறவியர் வெளியேறினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் வாயிற்கோபுர இடிபாட்டுக்குள் யாரோ ஒரு காற்றாலையைக் கட்டினர். இன்று எஞ்சியிருப்பது அவ்விரண்டின் இடிபாடுமே.

மனிதர் நிலத்திற்குச் செய்த காயத்தை நீர் வந்து மூடி அழகாக்கியது என்பது இவ்வரலாற்றின் முதற்பகுதி. அந்த நீருக்கே நேர்ந்த காயம் இரண்டாம் பகுதி.

நீரின் மூன்று காலங்கள்

1972இல் நார்விச்சிலுள்ள கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்திற்குப் பிரையன் மாஸ் என்னும் நீரியல் அறிஞர் வந்து சேர்ந்தார். அவர் வந்தபோது பெரும்பாலான ஏரிகள் பச்சையும் பழுப்புமாகக் கலங்கிக் கிடந்தன. கையை முழங்கை வரை நீரில் விட்டால் விரல் தெரியாது. நீர்ச்செடிகள் பல ஏரிகளில் அறவே இல்லை. ஆனால் அங்குள்ள முதியவர்களோ, தங்கள் இளமையில் ஏரியின் அடிமண் தெரிந்ததென்றும், படகின் துடுப்பில் செடிகள் சிக்கிக்கொள்ளுமென்றும் கூறினர். முதியோர் நினைவை மட்டும் கொண்டு அறிவியல் செய்ய இயலாது. ஆகவே மாஸும் அவர்தம் மாணவரும் ஏரியின் அடியில் குழாயை இறக்கிச் சேற்றைத் தூண்போல் எடுத்தனர்.

ஏரியின் சேறு ஒரு நாட்குறிப்பு. ஆண்டுதோறும் இறந்து விழும் செடிகளின் விதை, நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடு, நத்தை ஓடு, வயல்மண் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. கீழே உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. கதிரியக்க ஈயம் எவ்வளவு சிதைந்துள்ளது என்று அளந்து, மேலடுக்குகளின் வயதைக் கணிக்கலாம். இவ்வாறு படித்தபோது மூன்று காலங்கள் தெளிவாகப் புலப்பட்டன.

ஏறத்தாழ 1800 வரை நீண்டது முதற்காலம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. 'காரா' என்னும் குட்டையான நீர்த்தாவரங்கள் அடிமண்ணில் புல்வெளிபோல் பரவியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சென்றது இரண்டாம் காலம். ஊட்டம் சற்றே மிகுந்தது. நீர்மட்டம் வரை உயர்ந்து வளரும் செடிகள் அடர்ந்து, குட்டைச் செடிகளின்மேல் நிழல் விரித்தன. படகு செல்ல வழியில்லாமல் ஆண்டுதோறும் செடியை அரிந்தெறிய வேண்டியிருந்தது. ஏரிகளின் செழிப்பைக் கண்டு மகிழ்ந்து எழுதியவர்களும், 1880களில் பீட்டர் ஹென்றி எமர்சன் போன்று அவற்றின் வாழ்வைப் புகைப்படத்தில் பதித்தவர்களும் கண்டது இந்த இரண்டாம் காலத்தையே. அவர்கள் கண்ட செழிப்பும் ஏற்கெனவே ஒரு மாற்றத்தின் விளைவு என்பதை அவர்கள் அறிந்திலர். 1950கள், 60களில் மூன்றாம் காலம் வந்தது. செடிகள் சில ஆண்டுகளுக்குள் மறைந்தன. நீர் நுண்பாசியால் கலங்கியது.

ஊட்டத்தின் அளவும் இதே கதையைச் சொல்கிறது. ஏரியின் விளைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாஸ்பரஸ். தொடக்க காலத்துத் தெளிந்த நீரில், லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 10 முதல் 20 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருந்திருக்கும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1970களின் நடுவில் பார்ட்டன் ஏரியில் அது 300 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது.

வில்லன் இல்லாத நாடகம்

இவ்வளவு பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு தீயவன் நஞ்சைக் கொட்டினான் என்றால் கதை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் இந்நாடகத்தில் அப்படியொரு வில்லன் இல்லை.

1840இல் ஜெர்மானிய வேதியியலார் லீபிக், பயிர் மண்ணிலிருந்து தாது உப்புகளை உண்டே வளர்கிறது என்பதை விளக்கி நூல் வெளியிட்டார். 1842இல் ஆங்கிலேயரான ஜான் பென்னட் லாஸ், பாஸ்பேட்டை அமிலத்தில் கரைத்து 'சூப்பர் பாஸ்பேட்' உரம் செய்யக் காப்புரிமை பெற்றார். பசியைத் தணிக்க வந்த அறிவு அது. அதே நூற்றாண்டில் நகர்களில் காலரா பரவியது. கழிவைத் தெருவிலும் குழியிலும் விடாமல் நீரால் அடித்துச் செல்லும் சாக்கடைகள் வந்தன. குழந்தைகள் சாகாமல் காத்த ஏற்பாடு அது. முன்பு மனிதக் கழிவும் விலங்கின் எருவும் வயலுக்கே திரும்பின. இப்போது அவை ஆற்றுக்குத் திரும்பின. இரண்டாம் உலகப் போருக்குப்பின் சிற்றூர்களுக்கும் குழாய்நீரும் சாக்கடையும் கிடைத்தன. பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் வீட்டுப் பெண்களின் கைவலியைக் குறைத்தது. ஆன்ட் ஆற்றின் கரையில் ஸ்டாலம் போன்ற ஊர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தம் கடமையைச் செவ்வனே செய்தன. நோய்க்கிருமிகளையும் அழுகும் பொருள்களையும் அவை குறைத்தன. ஆனால் நீரில் கரைந்த பாஸ்பரஸை நீக்குவதற்கு அவை கட்டப்படவில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல், தெளிந்த நீரோடு தெளிந்த நீராக, ஏரிக்குச் சென்றது.

ஒரு மனிதனின் உடலிலிருந்து நாள்தோறும் ஒன்று முதல் இரண்டு கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. ஒன்றரைக் கிராம் என்றே கொள்வோம். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு 50,000 லிட்டர் நீரை ஊட்டம் பெறச் செய்ய அது போதும். ஒரு நாள், ஒரு மனிதன்! மனிதனாய் வாழ்வதன் சுவடே இவ்வளவு பெரிது.

மனிதர் மட்டுமல்லர். ஹிக்ளிங் ஏரியில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கருந்தலைக் கடற்காகங்கள் இரவு தங்கின. பகலில் வெளியே மேய்ந்து வந்த அப்பறவைகளின் எச்சமே அவ்வேரியின் பாஸ்பரஸில் பெரும்பங்கு என்று மாஸின் குழுவினர் கண்டறிந்தனர். 1969இல் அவ்வேரியிலும் தர்ன் ஆற்றிலும் 'ப்ரிம்னீசியம்' என்னும் நுண்பாசி பெருகி நஞ்சை உமிழ, மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன.

பாஸ்பரஸ்தான் காரணம் என்பதை ஏற்க அந்நாளில் பலர் மறுத்தனர். சலவைத்தூள் விற்றோர்க்கு அம்மறுப்பு வசதியாக இருந்தது. கானடா நாட்டில் டேவிட் ஷிண்ட்லர் 1973இல் ஒரு சோதனை செய்தார். 226 என்ற எண்ணிட்ட ஏரியின் குறுக்கே திரையிட்டு இரண்டாக்கினார். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும் இட்டார். மறுபாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்து இட்டார். வானிலிருந்து எடுத்த புகைப்படம் விடையைச் சொல்லிற்று: பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சையாக நுரைத்திருந்தது, மற்றது கருநீலமாகவே இருந்தது. ஆழமற்ற ஏரிகளில் நைட்ரஜனுக்கும் பங்குண்டு என்பதையும், அது மிகும்போது நீர்ச்செடிகளின் வகைகள் அருகுகின்றன என்பதையும் பிற்காலத்தில் மாஸே எடுத்துக்காட்டினார். ஆயினும் முதற்பொறுப்பு பாஸ்பரஸுடையதே.

தெளிந்த நிலையும் கலங்கிய நிலையும்

ஊட்டம்தான் காரணமென்றால், ஊட்டத்தை நிறுத்தினால் நீர் தெளிய வேண்டுமன்றோ? ஆன்ட் ஆற்றின் கழிவுநீரிலிருந்து 1970களின் இறுதியிலேயே பாஸ்பரஸை நீக்கத் தொடங்கினர். நீர் தெளியவில்லை. ஏன்?

ஆழமான ஏரியில், கோடையில் மேல்நீரும் அடிநீரும் பிரிந்து நிற்கும். மேலிருந்து விழுந்தது அடியில் தங்கிவிடும். ஆழமற்ற ஏரியில் அந்தப் பிரிவினை இல்லை. காற்றடித்தால் அடிச்சேறு மேலே வருகிறது. வெயில் அடிமண்ணைத் தொடுகிறது. நீரும் சேறும் ஓயாது கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றன. வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸை நிறுத்தினாலும், பல்லாண்டுகளாகச் சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ் கோடைதோறும் மேலெழுந்து பாசியை ஊட்டுகிறது. கடனை நிறுத்திவிட்டோம், வட்டி தொடர்கிறது. உலகின் முப்பத்தைந்து ஏரிகளின் நெடுங்காலக் கணக்கை ஒப்பிட்டு 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஊட்டத்தைக் குறைத்தபின் பாஸ்பரஸ் அளவு புதிய நிலைக்கு வந்து சேரப் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கின்றன என்று காட்டியது.

இன்னொரு காரணமும் உண்டு; அது ஆழ்ந்து எண்ணத்தக்கது. நெதர்லாந்தின் மார்டன் ஷெஃபர், டென்மார்க்கின் எரிக் யெப்பெசன், மாஸ் முதலானோர் சேர்ந்து 1993இல் ஒரு கருத்தை முறையாக எடுத்துரைத்தனர். ஆழமற்ற ஏரி ஒரே அளவு ஊட்டத்தில் இரண்டு நிலைகளில் இருக்கக்கூடும்: செடி நிறைந்த தெளிந்த நிலை, பாசி நிறைந்த கலங்கிய நிலை. ஒவ்வொன்றும் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. தெளிந்த ஏரியில் செடிகள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. 'டாஃப்னியா' என்னும் நீர்த்தெள்ளுக்கு மீன்களிடமிருந்து ஒளிய இடம் தருகின்றன. அந்தத் தெள்ளு பாசியை வடித்துத் தின்று நீரைத் தெளிய வைக்கிறது. தெளிந்த நீரில் செடி வளர்கிறது. கலங்கிய ஏரியிலோ செடியில்லை, தெள்ளுக்கு ஒளிய இடமில்லை, மீன் அதைத் தின்றுவிடுகிறது, பாசி பெருகுகிறது, வெளிச்சம் அடியை எட்டுவதில்லை, ஆகவே செடி முளைப்பதில்லை.

அப்படியாயின், ஊட்டம் மட்டும் ஏரியைக் கவிழ்ப்பதில்லை. ஊட்டம் அதை விளிம்புக்குக் கொண்டுவருகிறது, வேறொன்று தள்ளிவிடுகிறது. நார்ஃபோக் ஏரிகளைத் தள்ளிவிட்ட கைகள் பல. வயல்களில் தெளித்த, டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளின் எச்சத்தை ஹோவ்டன் பேரேரியின் சேற்றில் கண்டெடுத்தனர். அவை நீர்த்தெள்ளைக் கொன்றிருக்கலாம். படகின் அடியில் பாசி ஒட்டாதிருக்க 1960கள் முதல் பூசப்பட்ட வர்ணத்தில் டிரைபியூட்டைல்டின் என்னும் நஞ்சு இருந்தது. 1987இல் சிறு படகுகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. செடிகள் மறைந்த காலமும் அந்த நஞ்சு சேற்றில் படிந்த காலமும் ஒத்துப்போவதைப் பின்னாளைய ஆய்வு கண்டது. மென்மயிருக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட 'கோய்ப்பு' என்னும் பெருங்கொறிணி, பண்ணைகளிலிருந்து தப்பிப் பெருகி நாணற்காடுகளைத் தின்று தீர்த்தது. 1980களில் எட்டாண்டு முயன்று அதனை ஒழித்தனர். இயந்திரப் படகுகளின் அலை கரையை அரித்தது. இவற்றுள் எது எந்த ஏரியைத் தள்ளியது என்று தனித்தனியே பிரித்துச் சொல்வது கடினம். விளிம்பில் நிற்பவனைத் தள்ள வலிய கை தேவையில்லை.

நிறுத்துதல் வேறு, சீராக்குதல் வேறு

பாதை மாறிவிட்டபின் வந்த வழியே திரும்பிச் செல்வது போதாது என்பதை இவ்வேரிகள் கற்பித்தன. டென்மார்க் ஏரிகளின் அனுபவப்படி, பாஸ்பரஸ் லிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால்தான் தெளிந்த நிலை நிலைக்கும். அதற்குப் பின்னும் யாரேனும் அதைத் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டும்.

1982இல் காக்‌ஷூட் என்னும் சிற்றேரியைப் பியூர் ஆற்றிலிருந்து அணையிட்டுப் பிரித்தனர். அடியில் நிறைந்திருந்த சேற்றை உறிஞ்சி வெளியேற்றினர். நீர் தெளிந்தது, தெள்ளு பெருகியது, செடி தலைகாட்டியது. அனைவரும் மகிழ்ந்தனர். சில ஆண்டுகளில் மீன் பெருகி, தெள்ளைத் தின்று, நீர் மீண்டும் கலங்கிற்று. 1980களின் இறுதியில் மீன்களைப் பிடித்து அகற்றினர். நீர் மீண்டும் தெளிந்தது. பார்ட்டன் ஏரியில் இதனைப் பெரிய அளவில் செய்தனர். 1990களின் நடுவில் தொடங்கி 2001 வரை, ஏறத்தாழ மூன்று லட்சம் கன மீட்டர் சேற்றை வாரி எடுத்து, அருகிலிருந்த வயல்களில் தேக்கி உலரவிட்டனர். நூறாண்டுகளுக்கு முன் நிலத்திலிருந்து புறப்பட்ட ஊட்டம் ஒருவழியாக நிலத்திற்கே திரும்பிற்று. ஏரியின் சில பகுதிகளை மீன் புகாதபடி வேலியிட்டுத் தெள்ளுக்கு அடைக்கலம் தந்தனர். நீர் முன்னைவிடத் தெளிந்தது உண்மை. ஆனால் செடிகள் பழைய அளவுக்கு இன்னும் திரும்பவில்லை.

தீமையை நிறுத்துவது ஒன்று. அதனால் நேர்ந்த சேதத்தைச் சரிசெய்வது மற்றொன்று. நம்மில் பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது தானே நடக்கும் என்று காத்திருக்கிறோம். ஏரி அவ்வாறு நடப்பதில்லை. மனித உறவுகளும் அவ்வாறு நடப்பதில்லை என்பதை வாசகர் தம் அனுபவத்தில் அறிவர்.

எந்த ஏரி?

இங்கே ஒரு வினா எழுகிறது. சீராக்குவதென்றால் எந்த ஆண்டின் ஏரியாகச் சீராக்குவது? 1800க்கு முந்திய காரா புல்வெளியா? படகோட்டிகள் போற்றிய 1880களின் அடர்ந்த செடியா? அதற்கும் முன்பு பீட் வெட்டிய வறண்ட குழியா? அதற்கும் முந்திய சதுப்பா? ஆதியில் இருந்த ஏரி என்று ஒன்று இங்கே இல்லை. மனிதர் வெட்டியது, கடல் நிறைத்தது, மறதி அழகாக்கியது. ஆகவே 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்ற முழக்கம் இவ்வேரிகளுக்குப் பொருந்தாது. எந்த நிலையை நாம் விரும்புகிறோம், அதற்காக எதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம் என்ற வினாவே பொருந்தும்.

அந்த வினா அண்மையில் நார்விச் மக்களின் வாசலுக்கே வந்தது. 2022 மார்ச்சில், ஆங்கிலேய அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பு, இவ்வேரிகளுக்குக் கழிவுநீர் செல்லும் பகுதிகளில் புதிய வீடுகள் கட்டுவதாயின், அவற்றால் ஊட்டம் சிறிதும் கூடாது என்று உறுதிசெய்ய வேண்டுமென அறிவுறுத்தியது. உள்ளாட்சி மன்றங்கள் பல அனுமதிகளை நிறுத்திவைத்தன. வீடின்றி வாடகையில் தவிக்கும் இளந்தம்பதியர்க்கு, கண்ணால் கண்டிராத ஒரு நீர்ச்செடியின் பெயரால் வீடு மறுக்கப்படுவதா என்று சிலர் கேட்டனர். பல்லாண்டுகளாக வயலிலிருந்தும் பழைய சாக்கடைகளிலிருந்தும் வந்த ஊட்டத்திற்குக் கடைசியில் வந்தவர் மட்டும் விலை கொடுப்பதா என்றும் கேட்டனர். 2023இல் அரசு அவ்விதியைத் தளர்த்த முயன்றது. பிரபுக்கள் சபை அதனைத் தோற்கடித்தது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதே இவ்வழக்கின் கனம். வீடு வேண்டும் என்பது நன்மை. தெளிந்த நீர் வேண்டும் என்பதும் நன்மை. கடைசியில் வந்தவர் தலையில் முழுச்சுமையையும் ஏற்றுவது நீதியன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய ஊட்டத்தால் பயன்பெற்ற உழவும் ஊரும் சுத்திகரிப்பு நிறுவனமும் அச்சுமையைப் பகிர வேண்டும். ஆனால் சுமையே வேண்டாமென்று இறக்கி வைப்பதற்கு அது காரணமாகாது. இறக்கி வைத்தால் ஏரி அதைச் சுமக்கும். சுமந்ததைச் சேற்றில் எழுதி வைக்கும்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன், குளிரில் நடுங்கிய ஒருவர் தம் அடுப்புக்காக ஒரு கட்டி பீட்டை வெட்டினார். அது பிழையன்று. அவருக்குப்பின் வந்தோர் வயலுக்கு உரமிட்டனர், தம் பிள்ளைகளைக் காலராவிலிருந்து காத்தனர், துணியை வெளுத்தனர். அவையும் பிழையல்ல. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைக் கொண்டபின் மீந்ததை ஆற்றில் விட்டனர். ஆறு எங்கோ கொண்டுபோய்விடும் என்று நம்பினர். ஆறு கொண்டுபோன இடத்தின் பெயர் ஏரி. அதன் கரையிலும் மக்கள் இருந்தனர். அதன் நீரிலும் உயிர்கள் இருந்தன. நன்மை நன்மையாகவே நிலைப்பதற்கு ஓர் அளவு தேவை. அந்த அளவைக் குறிப்பது நம் தேவை மட்டுமன்று, நமக்குக் கீழ்ப்புறத்தில் வாழ்வோரின் தேவையும்தான். 'நன்கு ஊட்டம் பெற்றது' என்ற சொல் மீண்டும் தன் நல்ல பொருளைப் பெறுவதற்கு இந்த ஓர் அறிவே முதற்படி எனலாம்.